செலியாக் உள்ள பிள்ளையோடு வெளியூர் போகும்போது ஹோட்டலில் என்ன கேட்பது, பையில் என்ன எடுப்பது

கேட்டிருந்த விஷயம் இது: பதினொரு வயது மகளுக்கு செலியாக் நோய் என்று உறுதியாகி நாலு மாதம் ஆகிறது, வீட்டில் கோதுமையை அடியோடு நிறுத்தியாகிவிட்டது, மே மாதம் சென்னையிலிருந்து ரயிலில் டெல்லி, ஆக்ரா போகிறார்கள், அதன்பிறகு யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று இருக்கிறது. "நம்ம ஊர் ஹோட்டலில் இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் அரிசிதானே, அதில் பயமில்லை, வடக்கே போனால் என்ன செய்வது என்பதுதான் கவலை" என்று எழுதியிருந்தீர்கள். நான் குடல்நோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன், என் தங்கை மகனுக்கும் இதே நோய்தான், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். உங்கள் கவலையை நான் கொஞ்சம் இடம் மாற்றி வைக்கப் போகிறேன். வடக்கே கோதுமை கண்ணுக்கு நேராகத் தெரியும், தட்டில் ரொட்டியாகவே வந்து உட்காரும். நம்ம ஊரில்தான் அது அரிசிச் சாப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது, நாமும் தேடுவதில்லை.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உங்கள் மகளின் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்கிறது, சத்தை உறிஞ்சுகிற விரலிகள் தேய்ந்துபோகின்றன. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனைத் தொடர்ந்து மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடல் பாதிப்பு தெரிந்தது. 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது என்பதுதான் இப்போது டாக்டர்கள் கைக்கொள்ளும் கணக்கு. முப்பது கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். அதாவது ஒரு சப்பாத்தியை இருநூறு துண்டாகப் பிய்த்தால், அதில் ஒரு துண்டே அந்த 10 மில்லிகிராமைத் தாண்டிவிடும். "கொஞ்சம் பட்டா என்ன ஆகப்போகுது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது பெருங்காயம். கடையில் டப்பாவில் வருகிற பெருங்காயத்தூள் கலப்புப் பெருங்காயம். பிசினை அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரம் என்பதால் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள், அந்த மாவு பல கம்பெனிகளில் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டிப் பெருங்காயமும் பெரும்பாலும் இதே கதைதான். ஒரு கிராம் தூளில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் அதில் நாற்பது மில்லிகிராம் போலக் குளூட்டன் இருக்கும். அதை ஆறு பேருக்கான சாம்பாரில் போட்டால் ஆளுக்கு ஆறேழு மில்லிகிராம். இது என் தோராயக் கணக்குதான், ஆனால் சாம்பார், அப்புறம் ரசம், அப்புறம் தாளித்த மோர், மேலே ஊறுகாய், ராத்திரி இட்லிப்பொடி என்று ஒரே நாளில் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்கள். கோதுமையை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியும் ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கவில்லை என்று வருகிற நம்ம ஊர்க் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது அஞ்சறைப்பெட்டியைத்தான். வீட்டுக்கு அரிசி மாவு சேர்த்த பெருங்காயம், குளூட்டன் இல்லை என்று அச்சிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்கிறது. ஹோட்டலில் அந்த வசதி இல்லை, எனவே ஹோட்டல் சாம்பாரும் ரசமும் அவளுக்கு வேண்டாம். பெருங்காயம் போடாத தேங்காய்ச் சட்னி, வெறும் தயிர், நெய், வீட்டிலிருந்து கொண்டுபோன பொடி போதும். பிள்ளை முகம் சுருங்கும், தெரியும், சாம்பார் இல்லாத இட்லி யாருக்குத்தான் இறங்கும், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தோசைக்கு வருவோம். மாவு அரிசியும் உளுந்தும்தான், ஆனால் முறுகலாக வர ஒரு கை மைதாவோ ரவையோ சேர்க்கிற இடங்களும் உண்டு. மாவு சுத்தமாகவே இருந்தாலும் கல் என்ன ஆகிறது என்று பாருங்கள். டிபன் கடையில் காலை எட்டரை மணிக்கு அந்தப் பெரிய கல்லின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். ஒரு ஓரத்தில் ரவா தோசை வேகிறது, அதன் கரைசல் ஓடிப் பக்கத்துத் தோசையைத் தொடுகிறது, நடுவில் ஒரு சப்பாத்தி சூடாகிறது, மாஸ்டர் தண்ணீர் தெளித்து அந்தக் குட்டித் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த ஈடு ஊற்றுகிறார், தோசைத்திருப்பி ஒன்றேதான். சூட்டில் எல்லாம் செத்துப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். குளூட்டன் கிருமி இல்லை, சூட்டில் அழியாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். இதே காரணத்தால் உளுந்து வடையும் அப்பளமும் சந்தேகத்துக்குரியவை. பூரியும் சமோசாவும் மைதா போண்டாவும் பொரிந்த எண்ணெயில்தானே அவையும் பொரிகின்றன!

அப்போ என்னதான் சாப்பிடுவது என்றால், ஆவியில் வெந்ததைத் தேடுங்கள். இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை, அரிசிப் புட்டு. அதிலும் ரவா இட்லி போடாத, பரோட்டாக்கல் இல்லாத, கோதுமை இடியாப்பம் விற்காத சின்ன இட்லிக் கடை, பத்து வகைத் தோசை போடுகிற பெரிய ஹோட்டலைவிட இவளுக்குப் பத்திரமானது. காலையில் கடை திறந்ததும் போங்கள். முதல் ஈடு இட்லி, துடைத்துவைத்த மேஜை, அவசரமில்லாத மாஸ்டர், மூன்றும் அப்போதுதான் கிடைக்கும். மத்தியானம் இலைச்சாப்பாடு நல்ல ஏற்பாடு, வாழையிலையைவிடச் சுத்தமான தட்டு வேறு இல்லை. சாதம், பருப்பு, நெய், தயிர், பெருங்காயம் போடாத பொரியல் என்று நிறுத்திக்கொள்ளலாம். பாயசம் சேமியாவா பால் பாயசமா என்று கேளுங்கள், ஜவ்வரிசி என்றால் நல்லது, ஆனால் அதில் சேமியாவும் கலந்து போடுவது நம்ம வழக்கம். பிரியாணி அரிசிதான், ஆனால் தம் போடும்போது மூடியைச் சுற்றி மைதாவையோ கோதுமை மாவையோ பிசைந்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை உடைத்துத் திறக்கும்போது தூள் உள்ளே விழும். சிக்கன் 65, கோபி மஞ்சூரியன், ஃபிரைட் ரைஸ் மூன்றையும் மறந்துவிடுங்கள். மேல்மாவில் மைதா, சோயா சாஸில் கோதுமை. குடிக்க ஃபில்டர் காபி, பால், இளநீர் எல்லாம் சரி. ஹார்லிக்ஸ், பூஸ்ட் மாதிரி மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது, கூடவே கோதுமையும் இருக்கும், ஆகவே வேண்டாம்.

கேட்கிற விதம் ரொம்ப முக்கியம். "குளூட்டன் இருக்கா?" என்று சப்ளையரிடம் கேட்டால் "அதெல்லாம் நாங்க போடுறதில்லைங்க" என்றுதான் பதில் வரும், பாவம் அவருக்கு அது ஏதோ கலப்படப் பொருள் என்று தோன்றும். "மைதா இருக்கா?" என்று கேட்டாலும் "இல்லை" என்றே வரும், உங்களைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில். ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள், முடிந்தால் சமைக்கிறவரிடமே போய். நான் தங்கை மகனோடு போகும்போது இப்படித்தான் பேசுவேன்: "அண்ணே, பையனுக்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது, கையில ஒட்டியிருக்கறது பட்டாலே குடல் புண்ணாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. குருமா கெட்டியா வர்றதுக்கு என்ன போடுவீங்க? காலைல இருந்து இந்தக் கல்லுல என்னென்ன ஊத்தினீங்க?" இப்படிக் கேட்டால் மாஸ்டர்கள் நின்று யோசித்துச் சொல்வார்கள். "தம்பிக்கு வேணாம்மா, குருமாவுல மைதா கரைச்சு ஊத்திருக்கேன்" என்று ஒருவர் தானாகவே கையை நீட்டித் தடுத்தார், அந்த மாதிரி மனிதர் இருக்கிற கடையை நாங்கள் விடுவதே இல்லை. பதில் மழுப்பலாக இருந்தால் சண்டை போடாமல் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பையில் சாப்பாடு இருந்தால்தான் அப்படி எழ முடியும். பசியோடு இருக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாக முடிவெடுக்க முடியாது, அதனால் எங்கே போனாலும் ஒருவேளைச் சாப்பாடு கையில் இருக்கட்டும், ஊருக்குள்ளேயே ஆனாலும்.

ரயில். டெல்லிக்கு ஒன்றரை நாள் பயணம், பேன்ட்ரி சாப்பாட்டை நம்ப வேண்டாம், சாதமும் சப்பாத்தியும் ஒரே இடத்தில் ஒரே கைகளால் பொட்டலம் ஆகின்றன. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, உங்கள் வீட்டுப் பெருங்காயம் போட்ட புளியோதரை. மே மாத வெயிலில் இட்லி மறுநாள் தாங்காது, புளியோதரை தாங்கும். மறுநாளுக்கு அவல், பொரி, கடலை மிட்டாய், வீட்டில் புது எண்ணெயில் சுட்ட அரிசி முறுக்கு, வேகவைத்த நிலக்கடலை, வாழைப்பழம். அவலைக் கழுவித் தயிரிலோ பாலிலோ ஊறவைத்தால் அடுப்பே வேண்டாம். கெட்டில் எடுத்துப் போங்கள், ஆனால் ரயில் பெட்டியின் சார்ஜிங் பாயின்டில் போடாதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது, அறைக்குப் போன பிறகுதான். அறையில் வெந்நீர் இருந்தால் உடனடி அரிசிச் சேவை, கேழ்வரகுக் கஞ்சி என்று ராத்திரியைச் சமாளித்துவிடலாம். கேழ்வரகு மாவை நீங்களே கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்ததாகப் பாருங்கள். கோதுமை அரைத்த மாவு மில்லில் அடுத்ததாக நம்முடையதைக் கொட்டினால் முன்னவருடைய மாவும் சேர்ந்துதான் வரும். கடைச் சத்துமாவில் கோதுமை இருப்பது சகஜம். சிறுதானியம் என்று பெரிய எழுத்தில் போட்ட நூடுல்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் முதல் பொருளே கோதுமை மாவோ மைதாவோதான். தட்டு, டம்ளர், ஸ்பூன், ஒரு சின்ன தோசைக்கல்கூட உங்களுடையதாக இருந்தால் நல்லது, ஹோட்டல் சமையலறையில் கல்லைக் கொடுத்துச் சுட்டுத் தரச் சொன்னால் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

டெல்லியில் ஒரு நிம்மதி உண்டு, அங்கே இந்த நோய் புதிதல்ல. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஹரியானா, அசாம், வேலூர் பகுதிகளில் ஆயிரக்கணக்கான பெரியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது, தெற்கே 0.10 பேரிடம்தான். அங்கே சாப்பிடுகிற கோதுமையின் அளவு அதிகம். அதனால் டெல்லியில் "கேஹூ கீ அலர்ஜி" என்றால் சமையல்காரர்களில் நிறைய பேருக்கு உடனே விளங்கும், பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ யாருக்காவது இருக்கும். அது அலர்ஜி இல்லை என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், வேலை நடந்தால் சரி. இந்தி தெரிந்தவரைப் பிடித்து ஒரு அட்டையில் இப்படி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: "மேரீ பேட்டீ கோ சீலியாக் ஹை. கேஹூ, ஆட்டா, மைதா, சூஜி, தலியா, ஜௌ பில்குல் மனா ஹை. தவா, கடாயி, தேல், சம்மச் அலக் சாஹியே." மகளுக்கு செலியாக், கோதுமையும் மைதாவும் ரவையும் கோதுமைக் குருணையும் பார்லியும் கூடவே கூடாது, கல், வாணலி, எண்ணெய், கரண்டி எல்லாம் தனியாக வேண்டும் என்பதுதான் அது. போட்டோ எடுத்து போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஆபத்து வேறு மாதிரி. ரொட்டி தட்டுகிற இடத்தில் மாவு காற்றிலேயே பறக்கும், தந்தூர் அடுப்பின் சுவரில் நானும் ஒட்டுகிறது, அதே அடுப்பில்தான் பனீர் டிக்காவும் வேகிறது. எனவே தந்தூரில் வந்தது எதுவும் வேண்டாம். ராஜ்மா சாதம், வெள்ளைச் சாதத்தோடு தயிர், உருளைக்கிழங்கு சப்ஜி மாதிரி எளிமையானதைக் கேளுங்கள், தாளிப்பில் ஹிங், அதாவது பெருங்காயம், போடாமல். சோள ரொட்டி, கம்பு ரொட்டி என்று பார்த்து ஆசைப்படாதீர்கள், ரொட்டி உடையாமல் வரக் கொஞ்சம் கோதுமை மாவு சேர்ப்பார்கள், சேர்க்காவிட்டாலும் மாவு வந்தது கோதுமை அரைக்கிற அதே சக்கியிலிருந்து, அதாவது மாவு மில்லிலிருந்து. பெரிய ஓட்டல்களில் தங்குவதானால் முன்கூட்டியே போன் பண்ணி செஃப்பிடம் பேசினால் தனிப் பாத்திரத்தில் செய்து தருவார்கள், காலை பஃபேயில் மட்டும் கரண்டிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அங்கே நேராகச் சமையலறையிலிருந்து வாங்குங்கள். பயணத் தேதியை மாற்ற முடியுமானால் இன்னொரு யோசனை. வடக்கே நவராத்திரி நாட்களில், பங்குனி வாக்கில் ஒன்று, புரட்டாசி வாக்கில் ஒன்று, விரதம் இருப்பவர்கள் கோதுமையே தொடமாட்டார்கள். குட்டு (பக்வீட்) மாவு, சிங்காடா (நீர்க்கஷ்கொட்டை) மாவு, சாமா (குதிரைவாலி) அரிசி, ஜவ்வரிசி இதில்தான் எல்லாம் செய்வார்கள், பல உணவகங்கள் விரதத் தாலி என்று தனியாகவே போடுகின்றன. அந்தத் தானியங்கள் எதிலும் குளூட்டன் கிடையாது, எண்ணெயும் மாவும் எங்கிருந்து வந்தன என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். மே மாதம்தான் என்றால் லஸ்ஸி, பழம், ஆக்ராவில் பேட்டா. அது பூசணிக்காயும் சர்க்கரையும்தான், மூடிய பெட்டியாக, மேலே எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். குலாப் ஜாமூனும் ஜிலேபியும் மைதா, ரசகுல்லாவில்கூட ரவை சேர்ப்பதுண்டு.

பாக்கெட் வாங்கும்போது: இந்தியாவில் குளூட்டன் இல்லை என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த அளவில் அரைக் கிலோ தின்றால்தான் 10 மில்லிகிராம் வரும், ஆகவே அந்த வாசகத்தை நம்பலாம். அந்த வாசகம் இல்லாவிட்டால் ஒவ்வாமைப் பொருள்கள் பட்டியலில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்ஸை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், டாக்டர் சொன்ன பிறகு பார்க்கலாம்.

யாழ்ப்பாணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டுப் பெயர்கள் நம்முடையவைதான், உள்ளே இருப்பது வேறு. அங்கே புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அவித்த கோதுமை மாவைச் சேர்ப்பது வெகு சாதாரணம், வெள்ளை இடியாப்பம் என்றால் பெரும்பாலும் அதுதான். தோசை மாவிலும் உளுந்தோடு கோதுமை மா கலப்பார்கள், அப்பத்திலும் கலப்பதுண்டு. நம்ம ஊர்ப் பழக்கத்தில் "இடியாப்பம்தானே" என்று தட்டில் வைத்துவிடாதீர்கள்! "தனி அரிசி மாவோ, கோதுமை மா கலந்ததோ?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சொந்தக்காரர் வீடு என்பதால் முன்னாலேயே போன் பண்ணிச் சிவப்பரிசி மாவில் மட்டும் அவளுக்குத் தனியாக அவித்துத் தரச் சொல்லலாம், புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியும் இடியாப்ப உரலும் கழுவிவிட்டு. பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவில் புட்டும் கூழும் அங்கே செய்வார்கள், அதில் குளூட்டன் இல்லை, வீட்டில் இடித்த மாவாகக் கிடைத்தால் மகளுக்குக் கட்டாயம் கொடுங்கள், மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சிய கூழை அவள் மறக்கமாட்டாள். கொத்து ரொட்டி, ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் மைதா. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் அவசரத்தில் இருப்பார், அதனால் பந்திக்கு முன்பே சமையல்கட்டுக்குப் போய், யாரும் கரண்டி போடாத சாதத்தையும் பெருங்காயமும் மாவும் சேராத ஒரு கறியையும் அவளுடைய டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள், எல்லோரோடும் உட்கார்ந்து இலையில் வைத்துச் சாப்பிடட்டும். பிள்ளையைத் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள், எனக்கு அதைப் பார்த்தால் மனசு பொறுக்காது.

விமானத்தில் நீண்ட தூரம் எங்காவது போவதாக இருந்தால் டிக்கெட்டோடு குளூட்டன் இல்லாத சாப்பாட்டைப் பதிந்துகொள்ளலாம், அதற்கான குறியீடு ஜி.எஃப்.எம்.எல். குறைந்தது இரண்டு நாள் முன்பு சொல்லிவிட்டு, செக்-இன் செய்யும்போது மறுபடி உறுதிப்படுத்துங்கள், தட்டோடு வருகிற பன்னில் லேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் எப்போதாவது உள்ளே போய்விடும். வயிற்றுவலி, வாந்தி, பேதி, அசதி, எரிச்சல் என்று சில மணி நேரத்திலோ மறுநாளோ வரலாம். சில பிள்ளைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் குடலில் பாதிப்பு நடந்துகொண்டிருக்கும், அதனால் "சாப்பிட்டாள், ஒன்றும் ஆகலையே" என்று அடுத்த முறை தைரியம் கொள்ளக் கூடாது. முறிவு மருந்து கிடையாது. உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, ஓய்வு, மறுவேளையிலிருந்து பழையபடி கண்டிப்பு, அவ்வளவுதான். வாந்தி நிற்காவிட்டாலோ தண்ணீரே தங்காவிட்டாலோ பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போகும்போது பயாப்சி ரிப்போர்ட்டின் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். அவள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் போதுமான அளவு இங்கிருந்தே எடுத்துப்போங்கள், மாத்திரையின் மாவுப்பொருள் சில சமயம் கோதுமை ஸ்டார்ச்சாக இருக்கும், தெரியாத கம்பெனியை வெளியூரில் மாற்றி வாங்க வேண்டாம். அவளைத் திட்டாதீர்கள், தெரியாமல் தின்றிருந்தாலும் ஆசைப்பட்டுத் தின்றிருந்தாலும். பயந்தால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பாள்.

நோய் உறுதியாகி ஆறு மாதம் ஆகும்போது இந்த நோய்க்கான எதிர்ப்பொருளை அளக்கிற டிடிஜி ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்வார்கள், உங்கள் கணக்கில் அது டெல்லி போய்வந்த பிறகு வரும். எண் படிப்படியாகத்தான் இறங்கும், முழுக்கச் சரியாக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றால் பயணத்தை மட்டும் குற்றம் சொல்லாமல் பெருங்காய டப்பா, மாவு மில், சத்துமாவு, பள்ளிக்கூட டிபன் பங்கீடு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, அந்தப் பட்டியலோடு உங்கள் டாக்டரிடம் போங்கள்.